மேல்வரிசையில் இரண்டு காலி இடம்

வாய்க்குள் விட்டுப் படம் பிடிக்கிற ஸ்கேனர் எங்கள் கிளினிக்குக்கு வந்த வாரம் முழுக்க எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருஷமாகப் பசை குழைத்து, வாயில் அமுக்கி, பிளாஸ்டர் ஊற்றிப் பல் மாடல் செய்தவன் மனசு உடைந்துபோவான் என்று நினைத்தார்களோ என்னவோ, ரிசப்ஷனில் இருக்கும் ஷர்மிளா தன் கையால் டீ கொண்டுவந்து வைத்தாள். டீயைக் குடித்துவிட்டேன். ஆனால் எனக்கு வருத்தமே இல்லை. அந்த மிஷின் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என் பிரஷர் மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கும் என்பதுதான் குறை.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அதே ஷர்மிளா போன் செய்தாள். புதுசாக வந்திருக்கிற பிள்ளைகள் படிக்கட்டும், முன்பெல்லாம் எப்படி வேலை நடந்தது என்று எழுதிக் கொடுங்கள் அண்ணே என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதுவும் வறுமையால் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் வந்து, காய்ச்சல் போன பிறகு, ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்பாரே என்று பயந்து, அப்படியே நின்றுபோனேன். பயம் எனக்குத் தொழிலுக்கு முன்பே வந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பூந்தமல்லியில் ஒரு பாய், பல் செட்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை கொப்புளம் தட்டுவது. அளவெடுக்கும் பசையில் காற்று மாட்டிக்கொண்டால், அதில் ஊற்றும் பிளாஸ்டர் மாடலில் மிளகு மாதிரி ஓர் உருண்டை நிற்கும். கத்தி முனையால் அதைத் தட்டிவிட வேண்டும். ஒவ்வொரு உருண்டைக்கும் நான் எழுந்துபோய், “பாய், இது பல்லா, காத்தா?” என்று கேட்பேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள், “அது காத்துடா. காத்துக்கு வலிக்காது, தட்டு” என்றார். இருந்தாலும் கேட்பதை நான் விடவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகிறவரை அவரிடம் இருந்தேன். அவர் கடையை மூடியபோது, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் கிளிப் போடுகிற டாக்டரம்மாவிடம் என்னைச் சேர்த்துவிட்டார். சேர்த்துவிடும்போது அவர் கொடுத்த சிபாரிசு இதுதான்: “கை சுத்தம். ஆனா ஒண்ணு, கேட்டுகினே இருப்பான்.”

டாக்டர் கலையரசி யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேலையில் பிசகு தெரிந்தால் மாடலை மேஜைமேல் வைத்து, மெதுவாக நம் பக்கம் திருப்பி வைப்பார். பிறகு டீயை எடுத்துக் குடிப்பார். டீ முடிவதற்குள் தப்பை நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். எனக்கோ தப்பு இல்லாத மாடலைத் திருப்பினால்கூட மூன்று தப்பு தெரியும். சில நாள் அவர் சும்மா தூசி தட்டுவதற்காகத் திருப்பியிருப்பார். அதற்குள் நான் இல்லாத தப்பை ஒப்புக்கொண்டு புது மாடல் ஊற்றப் போய்விடுவேன்.

வேலை இப்படித்தான் இருக்கும். பசைப் பொடியில் தண்ணீர் விட்டுக் கிண்ணத்தின் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கட்டி இல்லாமல் குழைக்க வேண்டும். வெயில் காலத்தில் அது கண்மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும், அதனால் தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்திருப்பேன். அளவுத் தட்டில் நிரப்பி முதலில் கீழ்வரிசை, அப்புறம் மேல்வரிசை. மேலே வைக்கும்போது பின்பக்கத்தை முதலில் அமுக்கக் கூடாது. அமுக்கினால் பசை தொண்டைக்கு வழியும், பிள்ளை ஓங்கரிக்கும். தலையைக் குனியச் சொல்லி, மூக்கால் மூச்சு விடச் சொல்லி, கால் கட்டைவிரலை ஆட்டச் சொல்வேன். கட்டைவிரலை ஆட்டுகிற பிள்ளைக்கு வாந்தி எடுக்க ஞாபகம் இருக்காது. கடைசியில் சூடான மெழுகைக் கடிக்கக் கொடுத்து, அந்தக் கடியை வைத்து மேல் மாடலையும் கீழ் மாடலையும் பொருத்துவேன். நகம் விரல் நுனியை மூடியிருக்கிற மாதிரி மேல்பல் கீழ்ப்பல்லை வெளியிலிருந்து கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். அதுதான் நல்ல கடி.

தாரணிக்கு அது தலைகீழாக இருந்தது.

கொரோனா அடங்கி, பள்ளிக்கூடங்களில் மாஸ்க் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு வந்தவள். நாலாம் வகுப்பு. அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஃபிளாட்டில் வீடு. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் இவள் மட்டும் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் காதிலிருந்து நாடாவை எடுக்க விடவில்லை. கழற்றியபோது புரிந்தது. மேல் உதடு உள்ளே வாங்கி, முகவாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் அவளைப் பல் போன கிழவி மாதிரி இருக்கிறாள் என்று ‘கெய்வி’ என்று கூப்பிடுகிறார்களாம். அவள் சொல்லவில்லை, கூட வந்த அத்தை சொன்னார்.

அந்த அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாரணியின் அப்பாவுக்கு அக்கா. திருவேற்காட்டில் இருக்கிறார். தாய் இல்லாத தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார வைத்தவர். அதனால் தம்பி வீட்டு விஷயம் எல்லாவற்றிலும் முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அவருடையது. நடுவில் தாரணியின் அம்மா செல்வி உட்கார்ந்திருப்பார். பேசினால் வாய்மேல் கை வைத்துக்கொண்டுதான் பேசுவார். மரியாதைக்காக என்று நினைத்தேன்.

அன்று அளவெடுத்து மாடலைப் பொருத்தினால் கீழ்ப்பல் வெளியே, மேல்பல் உள்ளே. மெழுகைத் திருப்பி வைத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். மறுபடி வரவழைத்து மறுபடி எடுத்தேன். அதே மாதிரி வந்தது. இந்தத் தடவை பிள்ளை தாடையைத் தள்ளிக் கடித்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை தாரணி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. அதிலும் அதேதான். இது போதாதென்று மேல்வரிசை முன்பற்களை எண்ணினால் இரண்டு குறைகிறது. நடுப்பல் இரண்டுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று இருக்க வேண்டிய இடம் வெறும் ஈறு. கொப்புளம் என்று நினைத்து நானே தட்டிவிட்டேனோ என்று குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினேன்.

டாக்டரம்மா மூன்று மாடலையும் வரிசையாக வைத்து என் பக்கம் திருப்பினார். டீயைத் தொடவில்லை.

“அண்ணே, மூணும் ஒரே மாதிரி வந்திருக்கு. இதுல இருந்து என்ன தெரியுது?”

“மூணு தபாவும் நான் ஒரே தப்பைப் பண்ணிகீறேன் மேடம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். பிறகு பெரிய எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் வைத்துக் காட்டினார். ஈறுக்கு மேலே எலும்புக்குள் முளைக்கக் காத்திருக்கிற பற்கள் எல்லாம் மொட்டு மொட்டாகத் தெரிந்தன. அந்த இரண்டு இடத்தில் மட்டும் மொட்டே இல்லை. விழவும் இல்லை, சொத்தையாகவும் இல்லை. பிறக்கும்போதே உண்டாகவில்லை.

மறுவாரம் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். பல் உண்டாகாமல் போவதும், மேல்தாடை சின்னதாக நின்றுவிடுவதும், கடி தலைகீழாக விழுவதும் சிலருக்குச் சேர்ந்தே வருகிறது. ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று முழுசாகச் சொல்ல முடியாது. இது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுகிற விஷயம், யாருடைய தப்பும் கிடையாது. அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “குளிப்பாட்டும்போதே மொகவாயை அமுக்கி உடு, அமுக்கி உடுன்னு தலையால அடிச்சுக்கினேன், கேட்டாத்தானே” என்றார். செல்வி தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் இப்படிப் பல் இல்லாமல் யாராவது உண்டா என்று கேட்டார். அத்தை, “எங்க வம்சத்துலயே கெடையாது” என்றார். டாக்டரம்மா செல்வியைப் பார்த்தார். கையை வாயிலிருந்து எடுக்காமலே செல்வி தலையை ஆட்டினார். இல்லை.

வைத்தியம் என்னவென்றால், மேல்பல்லோடு உள்ளே ஒரு தட்டை ஒட்டுவோம். வெளியே நெற்றியில் ஒரு பட்டை, முகவாயில் ஒரு கிண்ணம், இரண்டையும் சேர்க்கிற கம்பி. தட்டின் கொக்கியிலிருந்து கம்பிக்கு ரப்பர் வளையம் மாட்டினால், அது மேல்தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போட வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து தூங்கி எழுகிறவரை போட வேண்டும். எலும்பு வளர்கிற வயசு தாண்டிவிட்டால் இது பலிக்காது. அப்புறம் பெரியவளான பிறகு தாடையை வெட்டித்தான் சரிசெய்ய முடியும். காலி இடத்துக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அந்த முகக் கம்பியை அவள் போட வேண்டும். அவ்வளவுதான்.

அவள் போட மாட்டேன் என்றாள். அழவில்லை, கத்தவில்லை. மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து, “வேணாம்” என்றாள்.

அந்த வாரம்தான் செல்வி தனியாக வந்தார். மத்தியான நேரம், டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார். நேராகப் பின்கட்டில் என் வேலை அறைக்கு வந்து, மடித்த கைக்குட்டையை மேஜையில் வைத்தார். புடவைத் தலைப்பு வாயை மூடியிருந்தது.

“அண்ணே, இதை ஒட்டிக் குடுத்துடுங்க. டாக்டருக்குத் தெரிய வேணாம். எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது.”

கைக்குட்டைக்குள் கழற்றி மாட்டுகிற பல் தட்டு, நடுவில் உடைந்து இரண்டாகக் கிடந்தது. பழசு, நல்ல கைவேலை. தட்டில் இரண்டே இரண்டு பல். கல்யாணத்துக்கு முன்னால் செய்யாறில் அவருடைய அம்மா கட்டிவிட்டதாம். அன்றிலிருந்து தூங்கும்போதுகூடக் கழற்றியதில்லை. கழற்றினால் தெரிந்துவிடுமே.

துண்டு இரண்டையும் சேர்த்து மெழுகால் ஒட்டினேன். பின்பக்கம் பிளாஸ்டர் ஊற்றி அசையாமல் நிறுத்தினேன். விரிசலைக் கொஞ்சம் அகலமாகத் தேய்த்து, ரோஸ் பொடியைத் தூவித் திரவத்தைச் சொட்டவிட்டேன். அது இறுகுகிறவரை சும்மா இருக்க முடியாமல் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன்: முறுக்கு கடிக்காதீங்க, கரும்பு கடிக்காதீங்க. “கரும்பைத் தொட்டே பத்துப் பன்னெண்டு பொங்கல் ஆச்சுண்ணே” என்றார்.

பாலிஷ் போட்டுக் கழுவி, துடைத்து, எங்கே வைப்பது என்று பார்க்காமல் எதிரில் இருந்த அலமாரித் தட்டில் வைத்தேன். பக்கத்தில் தாரணியின் மாடல் இருந்தது. வெள்ளை மாடலில் இரண்டு காலி இடம். பக்கத்தில் ரோஸ் தட்டில் இரண்டு பல். நான் எடுப்பதற்குள் செல்வி பார்த்துவிட்டார்.

“அது யாரோடது?”

“பாப்பாவோடது.”

பிறகு தலைப்பை விலக்காமலே கேட்டார். “என்னாலதானா?”

அத்தனை வருஷத்தில் நோயாளி ஒருவர் என்னிடம், டாக்டரிடம் அல்ல, என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் எட்டாங்கிளாஸ்மா, டாக்டரம்மா வந்தாக்கா கேளுங்க” என்றேன். அவர், “வேணாம்” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவும் பெண்ணும் அந்த வார்த்தையை ஒரே மாதிரி சொன்னார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. டாக்டரம்மா கேட்ட கேள்விக்குப் பதில் என் கையில் இருக்கிறது. சொன்னால் ஒரு குடும்பத்துக்குள் என்ன நடக்குமோ. சொல்லாவிட்டால் வைத்தியம் கெடுமோ. தாரணிக்கு ஒரு தம்பி வேறு இருக்கிறான், அவனுக்கும் இப்படி இருக்குமோ. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என் மனைவி, “ஊர்ல கீற பல்லெல்லாம் உன் வாய்லயா மொளச்சிகீது? துன்னுட்டு எயுந்துரு” என்றாள்.

சரி, பெரிய விஷயத்தில் கை வைக்க வேண்டாம், பிள்ளையின் பயத்தையாவது போக்குவோம் என்று முடிவெடுத்தேன். அடுத்த தடவை தாரணி வந்தபோது முகக் கம்பியை நானே மாட்டிக்காட்டினேன். நெற்றிப் பட்டை, முகவாய்க் கிண்ணம் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. “பாரு கண்ணு, அங்கிள் எவ்ளோ ஜோரா கீறேன்” என்று திரும்பினேன். வாசலில் ஆவடியிலிருந்து வருகிற போலீஸ்காரர் ஒருவர், கடைவாய்ப் பல் வலியோடு நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, வண்டிலருந்து வுயுந்துட்டியா?”

அவசரமாகக் கழற்றப் போய், ரப்பர் அறுந்து என் கண்ணிமையில் சுள்ளென்று அடித்தது. தாரணி சிரித்தாள். கையால் மாஸ்க்கை அழுத்திக்கொண்டுதான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “ஆனா எனக்கு வேணாம்” என்றாள். ஒரு வாரம் நான் வீங்கிய கண்ணோடு வேலை செய்தேன்.

தாரணியின் வாய்க்குள் தட்டு ஒட்டியாகிவிட்டது. கம்பியைக் கொடுத்தனுப்பிய நாளிலிருந்து அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்று தெரிந்து டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். அத்தை, செல்வி, தாரணி மூவரும் வந்திருந்தார்கள். நான் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது போடாவிட்டால் பின்னால் என்ன ஆகும் என்பதை டாக்டரம்மா சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், பெரியவர்களுக்குச் சொல்கிற மாதிரியே தாரணிக்குச் சொன்னார். தாரணி கேட்டாள்.

“எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார். “நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லாதது உனக்கு வந்திருக்கு, என்ன செய்யறது. சொன்ன பேச்சு கேட்டு மாட்டிக்க.”

செல்வி எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். வாஷ்பேசினில் கையைச் சோப்பு போட்டுக் கழுவினார். கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, ஓர் அழுத்து அழுத்தி, தட்டைக் கழற்றி, என் பக்கத்தில் இருந்த டிரேயில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மகள் முன்னால் வந்து நின்றார். அந்தக் கை வாய்க்குப் போகவில்லை.

“எனக்கும் இல்ல பாரு. உன்ன மாதிரியேதான். பொறந்ததுலருந்தே இல்ல.”

காற்று கலந்து வந்தது வார்த்தை. தாரணி நாற்காலியிலிருந்து இறங்கி, அம்மாவின் வாய்க்குக் கீழே முகத்தைக் கொண்டுபோய் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

“இங்கியா?”

“ம்.”

“அந்தப் பக்கமும்?”

“அந்தப் பக்கமும்.”

தன் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, இன்னொரு விரலால் தன் வாயில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் அத்தையைப் பார்க்கப் பயந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு வருவதென்றால் இப்போது வந்துவிடட்டும், டாக்டர் பக்கத்தில் இருக்கிறார், பல் டாக்டராக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அத்தை நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“இதுக்குத்தானா, பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு வேணாம் வேணாம்னே? நான் வாங்கினு வந்ததுன்னு தொட மாட்டேங்கறேன்னு இல்ல நெனச்சேன்.”

செல்வி சிரித்துவிட்டார். இரண்டு ஓட்டையும் தெரியச் சிரித்தார். அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கி, “இத எப்படி மாட்டறது, காட்டுய்யா” என்றார்.

அவர்கள் போன பிறகு நான் டாக்டரம்மாவிடம், எனக்கு முன்பே தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவர் டீயை எடுத்தார்.

“பல் தட்டு போட்டவங்களுக்கு வர்ற மாதிரி, அவங்க ‘ச’ சொல்றப்ப விசில் வருதுண்ணே. மொத நாளே கேட்டுட்டேன். அவங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.”

ஆக, தூக்கம் கெட்டு நான் காத்துவந்த ரகசியம் முதல் நாளே வாசல் தாண்டிப் போயிருக்கிறது.

வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஓர் ஏற்பாடு நடந்தது. சாயங்காலம் தாரணி கம்பியை மாட்ட வேண்டும் என்றால் முதலில் அம்மா தட்டைக் கழற்ற வேண்டும். இவள் மாட்டுவாள், அவர் கழற்றுவார். காலையில் அவர் மாட்டுவார், இவள் கழற்றுவாள். கழற்றி வைத்தால்தான் ஈறுக்கு நல்லது என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். தாரணியின் அப்பா முதல் நாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் எதையாவது கழற்றணுமா என்று கேட்டாராம். தம்பிப் பையனையும் கூட்டிவந்தார்கள். அவன் எக்ஸ்ரேயில் எல்லா மொட்டும் இருந்தது. டாக்டரம்மா ஒரு தடவை எண்ணினார். நான் எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி வெளியே வந்த அன்று, மெழுகைக் கடிக்கக் கொடுத்து மாடலைப் பொருத்தினேன். நகம் விரலை மூடுகிற மாதிரி மூடியிருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை அளவெடுக்கக் கேட்டேன். தாரணி, “அங்கிள், போதும்” என்றாள். அவள் இன்னும் வளர வேண்டும், கடி திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த இரண்டு இடத்துக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதையெல்லாம் ஸ்கேனர் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பொங்கலுக்கு அத்தை ஒரு கரும்புக் கட்டைத் தன் தம்பி கையில் கொடுத்து என் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். செல்வி தட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைவாயில் வைத்து ஒரு முழுக் கழியைத் தின்று தீர்த்தாராம், அத்தையோடு போட்டி போட்டு. நானும் ஆசையாக ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, போன வருஷம் கீழ்வரிசைக்கு நானே எனக்கு ஒரு செட்டு செய்துகொண்டேன் என்று. எத்தனை தடவை அளவெடுத்தும் அது சரியாக உட்காரவே இல்லை. என் மனைவி கரும்பை வாங்கிக்கொண்டுபோய், பொடிப்பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

“சப்பிக்கோ” என்றாள்.